பூட்டைச் சோதிப்பவரும் பூட்டை உடைப்பவரும்

நமது தில்லி செய்தியாளர்

மைசூரை அடுத்துள்ள மேல்கோட்டையில் ஆண்டுதோறும் நடைபெறும் வைரமுடி சேவையைத் தமிழக வைணவர்கள் நன்கறிவர். ஸ்ரீராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததாகக் கூறப்படும் திருநாராயணபுரம் அது. செல்வப்பிள்ளைக்குச் சாற்றப்படும் அந்த வைரமுடி ஆண்டு முழுவதும் கோயிலில் இருப்பதில்லை. மண்டியாவில் உள்ள அரசுக் கருவூலத்தில் பூட்டி வைக்கப்படுகிறது. விழா நாளில் காவல்துறைப் பாதுகாப்புடன் மலைக்குக் கொண்டுவரப்பட்டு, மாவட்ட அதிகாரிகள் முன்னிலையில் சரிபார்க்கப்பட்ட பின்னரே பெருமாளுக்குச் சாற்றப்படுகிறது. பெட்டி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, காவலும் இருக்கிறது. ஆயினும் சரிபார்த்தல் தவிர்க்கப்படுவதில்லை. அவ்வாறு சரிபார்ப்பது கருவூலத்துக்கு இழுக்கு என்று எவரும் கருதுவதும் இல்லை.

இந்த எளிய நியாயம், கணினி என்று வந்துவிட்டால் தில்லியில் தலைகீழாகிவிடுகிறது. இன்று அரசின் கருவூலம் என்பது இரும்புப் பெட்டி அல்ல. குடிமக்களின் கைரேகை, நோயாளிகளின் மருத்துவக் குறிப்பு, நிலப் பதிவேடு, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு என அனைத்தும் கணினிகளில் குடியேறிவிட்டன. அந்தக் கணினிகளின் பூட்டு உறுதியானதா என்று சோதித்துப் பார்க்கும் ஒருவர், "இங்கே தாழ்ப்பாள் சரியில்லை" என்று சொன்னால், தாழ்ப்பாளைச் சரிசெய்வதற்கு முன்னர் சொன்னவர் மீது வழக்குத் தொடர முடியுமா என்றே நமது அமைப்புகள் முதலில் யோசிக்கின்றன. சட்டமும் அதற்கு இடமளிக்கிறது. நாடாளுமன்றம் திருத்த வேண்டிய குறை இது.

கேள்வி நேரத்துப் புள்ளிவிவரம்

நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இணையத் தாக்குதல் குறித்து இரு அவைகளிலும் கேள்விகள் எழுப்பப்படுகின்றன. பதில்களும் வருகின்றன. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழு 2022-இல் 13.91 லட்சம், 2023-இல் 15.92 லட்சம், 2024-இல் 20.41 லட்சம் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைப் பதிவு செய்திருப்பதாக அரசு தெரிவித்துள்ளது. எண்ணிக்கையைத் தொடர்ந்து, அரசு எடுத்துள்ள நடவடிக்கைகளின் நீண்ட பட்டியல் ஒன்று இணைக்கப்படுகிறது. எச்சரிக்கை அறிவிப்புகள், பயிற்சி முகாம்கள், ஒத்திகைகள், அங்கீகரிக்கப்பட்ட தணிக்கை நிறுவனங்கள் என்று அந்தப் பட்டியல் ஆண்டுக்காண்டு சற்றே நீள்கிறது.

ஆனால், இவ்வளவு தாக்குதல்கள் நிகழ்வதற்கு முன்னர், நாமே கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகள் எத்தனை என்ற கேள்வி அவையில் அரிதாகவே ஒலிக்கிறது. திருட்டு வழக்குகளின் எண்ணிக்கை தெரிந்தால் மட்டும் ஊர் பாதுகாப்பாகிவிடாது. இரவு ரோந்து எத்தனை முறை நடந்தது, திறந்து கிடந்த கதவுகள் எத்தனை மூடப்பட்டன என்பதும் தெரிய வேண்டும்.

சோதனை என்பது என்ன?

"ஹேக்கர்" என்றாலே திருடர் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. கணினிக்குள் ஊடுருவும் திறன் ஒரு தொழில்நுட்பம். அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதே ஒருவரைத் திருடராகவோ காவலராகவோ ஆக்குகிறது. ஊடுருவல் சோதனை என்பது, கணினி அமைப்பின் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, எந்தெந்தப் பகுதிகளைச் சோதிக்கலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று எல்லை வகுத்துக்கொண்டு, உண்மையான எதிரி எப்படி நுழைவானோ அப்படியே நுழைய முயல்வது. புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருள், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், பணியிலிருந்து விலகிய பின்னும் நீக்கப்படாத ஊழியர் கணக்கு, பயனர் தட்டச்சு செய்வதை ஆராயாமல் அப்படியே ஏற்கும் விண்ணப்பப் படிவம் ஆகியவைதான் பெரும்பாலும் நுழைவாயில்கள். கண்டறிந்த குறைகளை அறிக்கையாகத் தருவதும், சரிசெய்த பிறகு மீண்டும் ஒருமுறை சோதிப்பதும் இந்தப் பணியின் பகுதிகள்.

குறை தெரிந்தும் காலம் தாழ்த்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டு சான்று. விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டது. அதைப் பொருத்திக்கொள்ளாத கணினிகளையே மே மாதம் "வான்னாக்ரை" என்ற பணயத் தாக்குதல் உலகெங்கும் முடக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. மருந்து கையில் இருந்தும் நோயாளிக்குக் கொடுக்கப்படாத கதை அது.

முதலில் மறுப்பு, பிறகு ஒப்புதல்

நமது அனுபவம் இதைவிட வருந்தத்தக்கது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீங்கு மென்பொருள் புகுந்துவிட்டதாக 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியது. கூடங்குளத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமில்லை என்று அக்டோபர் 29-இல் நிலையத்தின் சார்பில் விளக்கம் அளிக்கப்பட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீங்கு மென்பொருள் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிகளுக்கான வலைப்பின்னலுடன் இணைந்த ஒரு கணினி மட்டுமே பாதிக்கப்பட்டது என்றும், அணு உலை தொடர்பான உள் வலைப்பின்னல் தனித்தே இருந்தது என்றும் கழகம் கூறியது. செர்ட்-இன் இது குறித்துச் செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் தெரிவித்திருந்தது என்பதும் அந்த அறிக்கையில்தான் வெளியாயிற்று. ஏறத்தாழ எட்டு வாரங்களாக அரசுக்குத் தெரிந்த ஒரு செய்தி, அணுமின் நிலையத்தின் நிழலில் வாழும் திருநெல்வேலி மாவட்ட மக்களுக்குத் தெரியாமல் இருந்தது. உலை பாதுகாப்பாக இருந்தது என்பது ஆறுதலே. ஆனால் முதல் நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலும் மக்களின் நம்பிக்கையைத்தான் முதலில் ஊடுருவின.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23-ஆம் தேதி கணினிகள் முடங்கின. புறநோயாளிகள் பதிவு முதல் ஆய்வக முடிவுகள் வரை அனைத்தும் கையால் எழுதப்பட்டன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலேறி வந்த ஏழை நோயாளிகள் நீண்ட வரிசைகளில் காத்திருந்தனர். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டதாகவும், வலைப்பின்னல் முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே ஊடுருவலுக்குக் காரணம் என்றும் பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் தடுக்கும் சுவர் இல்லை என்பதே இதன் பொருள். தகுதி வாய்ந்த எந்தச் சோதகரும் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

தமிழகமும் விலக்கல்ல. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்திலேயே ஊடுருவல் நிகழ்ந்தது. நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் வழியாக அது நடந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. குற்றவாளிகளைத் தேடுவதற்கான கருவியின் சாவியே வெளியாரின் கையில் சிக்கியது.

சொன்னவர் மீது வழக்கு

இனி, குறையைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். ஹைதராபாதைச் சேர்ந்த பொறியாளர் ஹரி பிரசாத், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோருடன் சேர்ந்து மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் ஒன்றை ஆராய்ந்து, அதை நேரில் கையாள வாய்ப்புப் பெறுபவர் முடிவுகளை மாற்ற முடியும் என்று 2010-இல் அறிவித்தார். அந்த எந்திரம் மும்பை கிடங்கிலிருந்து திருடப்பட்டது என்ற வழக்கில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 21-இல் அவர் கைது செய்யப்பட்டார். எந்திரத்தைத் தந்தவர் யார் என்பதைச் சொல்ல அவர் மறுத்ததே கைதுக்கு வழிவகுத்தது. ஒரு வாரம் கழித்து ஜாமீன் கிடைத்தது. எந்திரம் வந்த வழி சரியா என்பது விவாதத்துக்குரியதே. தமது எந்திரங்கள் எந்த வலைப்பின்னலுடனும் இணைக்கப்படாதவை, அவற்றுக்குப் பலத்த காவல் உண்டு என்ற தேர்தல் ஆணையத்தின் வாதத்திலும் வலு உண்டு. ஆனால், சுதந்திரமான ஆய்வுக்கு ஓர் எந்திரத்தை முறைப்படி பெறும் வழி இருந்திருந்தால், பெயர் சொல்ல முடியாதவரிடமிருந்து பெறும் நிலை எழுந்திருக்காது. வாக்காளர் சரிபார்க்கும் ஒப்புகைச் சீட்டு முறையைப் படிப்படியாகக் கொண்டுவருமாறு 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நேர்மையான தேர்தலுக்கு அது இன்றியமையாதது என்று நீதிமன்றமே கருதியது. சரிபார்க்க வேண்டும் என்ற கோரிக்கை தேசவிரோதம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2018 ஜனவரியில், வெறும் 500 ரூபாய் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழியைப் பெற முடிந்ததாக டிரிப்யூன் நாளிதழ் செய்தி வெளியிட்டது. ஆதார் ஆணையம் அளித்த புகாரின் பேரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில், செய்தியை எழுதிய நிருபரின் பெயரும் இடம்பெற்றது. கடும் கண்டனம் எழுந்த பின்னர், பத்திரிகைச் சுதந்திரத்தை மதிப்பதாக ஆணையம் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. அதே ஆணையம் 2022 ஜூலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட 20 வல்லுநர்கள் தனது தரவுக் களஞ்சியத்தில் குறைகளைத் தேடலாம் என்று திட்டம் ஒன்றை அறிவித்தது. காலம் கடந்தேனும் வந்த இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் 140 கோடி மக்களின் தரவுகளைக் காக்கும் பணியில் அந்த 20 பேரோடு கதவு சாத்தப்பட வேண்டுமா என்பதே கேள்வி.

சட்டத்தில் உள்ள குறை

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகினாலே இழப்பீடு தரப் பொறுப்பாக்குகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அரசு "பாதுகாக்கப்பட்ட அமைப்பு" என்று அறிவித்த கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தாலோ, நுழைய முயன்றாலோ 70-ஆவது பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை. இந்தப் பிரிவில் தீய நோக்கம் என்ற நிபந்தனைகூட இல்லை. ஆதார் களஞ்சியத்தில் அத்துமீறுவதற்கான தண்டனையும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மூன்றாண்டிலிருந்து பத்தாண்டாக உயர்த்தப்பட்டது.

நல்லெண்ணத்துடன் குறையைக் கண்டு, எதையும் திருடாமல், உரியவரிடம் மட்டும் தெரிவிப்பவருக்கு இந்தச் சட்டத்தில் வெளிப்படையான பாதுகாப்பு எதுவும் இல்லை. 66-ஆவது பிரிவில் நோக்கம் ஆராயப்படும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆராயப்படுவது நீதிமன்றத்தில். அதற்கு முன்னர் காவல் நிலையம், கணினி பறிமுதல், வழக்கறிஞர் கட்டணம், வேலையிழப்பு என்று பல படிகளை அவர் கடக்க வேண்டும். அறிவுள்ள இளைஞர் எவரும் வாயை மூடிக்கொள்வதே நலம் என்று முடிவெடுப்பார். குறை அப்படியே கிடக்கும். அதை அடுத்துக் கண்டுபிடிப்பவர் நல்லெண்ணம் கொண்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்தச் சட்டத்தைத் திருத்திச் செம்மைப்படுத்தும் வாய்ப்பு 2008 டிசம்பரில் கிடைத்தது. அமளிக்கிடையே மக்களவையில் விவாதமே இன்றி அந்தத் திருத்த மசோதா நிறைவேறியது. அதன் வழியே நுழைந்த 66-ஏ பிரிவைக் கருத்துரிமைக்கு எதிரானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவாதிக்காமல் சட்டம் இயற்றினால் நேரும் விளைவுக்கு இதுவே உதாரணம். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. ஆனால் அந்தத் தவறை முன்கூட்டியே சுட்டிக்காட்டுபவரைப் பற்றி அதிலும் ஒரு சொல் இல்லை.

பிற நாடுகள் காட்டும் வழி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2016-இல் தனது இணையதளங்களில் குறை கண்டுபிடிக்குமாறு பொதுமக்களையே அழைத்தது. 1,400-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். 138 உண்மையான குறைகள் கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டன. அந்த ராணுவத்துக்கு அதனால் மானம் போய்விடவில்லை. நல்லெண்ணத்துடன் பாதுகாப்பு ஆய்வு செய்பவர்கள் மீது கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரக் கூடாது என்று 2022 மே மாதம் அந்நாட்டு நீதித் துறை தனது வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. பெல்ஜியம் 2023-இல் இத்தகைய ஆய்வாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பே அளித்துவிட்டது.

நமது நாட்டில் முயற்சியே இல்லை என்று கூற முடியாது. குறைகளைப் பொறுப்புடன் தெரிவிப்பதற்கான நடைமுறையை செர்ட்-இன் வகுத்துள்ளது. முக்கியக் கட்டமைப்புகளைக் காக்கும் தேசிய மையத்திலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதுகாப்புத் தணிக்கை நடக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2025 ஜூலையில் வெளியிடப்பட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. ஓர் அலுவலகம் "தகவலுக்கு நன்றி" என்று மின்னஞ்சல் அனுப்பும் அதே நாளில், இன்னோர் அலுவலகம் காவல்துறையில் புகார் கொடுப்பதை எந்த வழிகாட்டுதலும் தடுக்காது.

மேலும், செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து 2023 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. குடிமகன் மனுப்போட்டுக் கேட்க முடியாது என்றால், குடிமகன் சார்பில் கேட்கும் கடமை நாடாளுமன்ற உறுப்பினர்களின் தோளில்தான் விழுகிறது.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை

சட்டப் பாதுகாப்பு தந்தால் திருடர்களும் "சோதனைதான் செய்தேன்" என்று தப்பிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை, பாதுகாப்பை மறுப்பதல்ல, நிபந்தனைகளுடன் தருவது. குறையை நிரூபிக்கத் தேவையான அளவுக்கு மேல் தரவுகளைப் பார்க்கவோ படியெடுக்கவோ கூடாது. சேவைக்குத் தடங்கல் ஏற்படுத்தக் கூடாது. பணம் கேட்டு மிரட்டக் கூடாது. கண்டறிந்ததும் உரிய நிறுவனத்துக்கும் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். சரிசெய்வதற்குக் குறிப்பிட்ட அவகாசம் தராமல் வெளியிடக் கூடாது. இவற்றைக் கடைப்பிடித்தவருக்கு 43, 66 ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கலாம். அணுமின், ராணுவம் போன்ற துறைகளின் இயக்க அமைப்புகளை இந்த விலக்கிலிருந்து நீக்கி, அவற்றை அரசு தேர்ந்தெடுத்த வல்லுநர்களைக் கொண்டு மட்டும் சோதிக்கலாம். எந்தத் திருடனும் தான் நுழைந்த வீட்டின் முகவரியைக் காவல் நிலையத்தில் தானே எழுதிக்கொடுப்பதில்லை. ஆகவே, இந்த நிபந்தனைகளே திருடரையும் சோதகரையும் பிரித்துக் காட்டிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு மத்திய அமைச்சகமும் குறைகளைப் பெறுவதற்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, சரிசெய்யும் காலக்கெடுவையும் அறிவிக்க வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். மறுநாள் மென்பொருளில் செய்யப்படும் மாற்றம் புதிய ஓட்டையைத் திறக்கலாம். எனவே, ஆண்டுக்கு ஒருமுறை பெறும் சான்றிதழுடன் கடமை முடிந்ததாகக் கருதக் கூடாது. மலிவான விலைப்புள்ளி தந்தவருக்கே சோதனைப் பணி என்ற நடைமுறையும் இத்துறைக்குப் பொருந்தாது.

மூன்றாவதாக, சோதனைகளின் சுருக்கத்தை ஆண்டுதோறும் தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்க வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை கண்டறியப்பட்டன, எத்தனை நாள்களில் அடைக்கப்பட்டன, எத்தனை இன்னும் அடைபடாமல் உள்ளன என்று சொன்னால் போதும். ஆதார் ஆணையத்தின் செயல்பாட்டை ஆராய்ந்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதனால் நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

தமிழக உறுப்பினர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. கணினித் துறையில் ஆயிரக்கணக்கான பொறியாளர்களை ஆண்டுதோறும் உருவாக்கும் மாநிலம் நம்முடையது. அவர்களில் ஒருவர், தம் ஊர் அலுவலகத்தின் இணையதளத்தில் அண்டை வீட்டாரின் விவரங்கள் திறந்து கிடப்பதைப் பார்த்தால், அஞ்சாமல் அதை உரியவரிடம் சொல்ல முடிய வேண்டும். இன்று அவருக்கு அந்தத் துணிவைத் தரச் சட்டம் இல்லை. வரும் கூட்டத்தொடரில் "எத்தனை தாக்குதல்கள்" என்ற பழைய கேள்வியை விடுத்து, "குறை சொன்னவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மீது வழக்கு" என்று ஓர் உறுப்பினராவது கேட்கட்டும். அதற்கு வரும் பதிலிலிருந்து சட்டத்திருத்தம் தொடங்கட்டும்.